நுரையீரல் புற்றுநோய்: ஆபரேஷன் முதலா, மருந்து முதலா? கூட இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “ஆபரேஷன் எப்போ?” என்பதுதான். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது: எதற்கு அப்புறம் எது?

அம்மாவுக்கு வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் புகையிலையைத் தொட்டதே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை, இன்றைக்குத்தான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியிருக்கும் ஒருவருக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதற்கு மட்டும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான். அதற்குப் பிறகு அவர் முப்பது வருடம் வாழ்ந்தார். அப்போதிருந்து வெகுகாலம் ஆபரேஷன் ஒன்றுதான் நம்பிக்கை. பின்னால் வந்த கீமோ, ஆபரேஷனுக்குப் பின் கொடுத்தால் ஐந்து வருடம் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கூட்டியது. பெரிய மாற்றம் 2020க்குப் பிறகு வந்ததுதான். குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசிகளும் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வந்து சேர்ந்தன. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன் வரிசையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

முதல் படி: நோய் இன்னதென்று சதையை வைத்து உறுதிசெய்யுங்கள்

அம்மாவுக்கு இருமல் நிற்காதபோது, எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, டிபியாக இருக்கும் என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். எந்த இடம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று சோதிக்கவே இல்லை. நான்கு மாதம் போனது. நம் ஊரில் டிபி அதிகம் என்பதால் இந்தத் தவறு எளிதாக நடந்துவிடுகிறது. எனவே டிபி என்று சொன்னால், “சளியில் கிருமி உறுதியாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள். உறுதியாகாமல் மாத்திரை சாப்பிட்டு நிழலும் குறையவில்லை என்றால், அடுத்தது சி.டி. ஸ்கேனும், கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும்தான்.

பயாப்ஸியை வெளியிலிருந்து ஊசி போட்டோ, மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டோ எடுப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் யாராவது சொல்வார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது வகை. நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய 85 சதவீதம் ‘நான்-ஸ்மால் செல்’ (non-small cell) வகை. அதற்குள் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் என்று பிரிவுகள் உண்டு. இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியது. ஸ்மால் செல் என்று வந்தால் பாதையே வேறு. அதில் ஆபரேஷன் அபூர்வம்.

இரண்டாவது படி: எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

இதற்கு, நோய் உள்ள இடங்கள் மின்னித் தெரியும் பெட் (PET) ஸ்கேன், மூளைக்கு எம்.ஆர்.ஐ. இரண்டும் வேண்டும். தலைவலியே இல்லையே, மூளை ஸ்கேன் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். இந்த நோய் அறிகுறியே காட்டாமல் மூளைக்குப் போகக்கூடியது, பெட் ஸ்கேனில் மூளை சரியாகத் தெரியாது என்று விளக்கினார்கள்.

பெட் ஸ்கேனில் மார்பின் நடுவில் நெறிக்கட்டிகள் மின்னினால் அதை அப்படியே நம்பி ஸ்டேஜ் போட்டுவிடக் கூடாது. நம் ஊரில் பழைய டிபி தழும்பும் அதேபோல மின்னும். மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்டு வைத்து அந்தக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்க்கும் ‘ஈபஸ்’ சோதனை இதற்கென்றே இருக்கிறது. ஆபரேஷன் உண்டா இல்லையா என்பதே பல பேருக்கு இந்த ஒரு சோதனையில்தான் முடிவாகிறது.

மூன்றாவது படி: மரபணு சோதனை. இங்கே அவசரப்படாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

பயாப்ஸியில் எடுத்த சதையில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற இரண்டு மரபணு மாற்றங்களும், பி.டி.எல்.1 என்ற புரதமும் சோதிக்கப்பட வேண்டும், அதுவும் முதல் மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்னால். இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது; புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இம்யூனோதெரபியை முதலில் போட்டுவிட்டு, அது உடம்பில் இருக்கும்போதே ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையான ஒசிமெர்டினிபைத் தொடங்கினால், நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. வரிசை மாறினால் நல்ல மருந்தே கெடுதல் செய்துவிடும்.

சோதனை முடிவு வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அந்த நாட்களில் வீடே பதறும். “கட்டி வளர்ந்துடாதா, ஏதாவது ஊசியாவது போடச் சொல்லுங்க” என்று மாமா தினமும் போன் செய்தார். இரண்டு வாரக் காத்திருப்பைவிடத் தவறான முதல் ஊசி பெரிய நஷ்டம் என்று டாக்டர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரி மாறும்போது ‘பிளாக்’கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டம் ஒன்று, அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துணுக்குபோல அம்மாவின் சதை. அவ்வளவுதான் அது. எல்லாச் சோதனைக்கும் அதிலிருந்துதான் சீவி எடுப்பார்கள். தீர்ந்துபோனால் மறுபடியும் பயாப்ஸி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிளாக்கை வேறு இடத்தில் சோதனைக்குக் கொடுத்தால், மிச்சத்தைத் திருப்பி வாங்கி ஃபைலோடு பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது படி: எல்லா டாக்டரும் ஒரே மேஜையில்

சர்ஜன், மருந்து தரும் புற்றுநோய் டாக்டர், கதிரியக்க டாக்டர், நுரையீரல் டாக்டர் எல்லோரும் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு ‘டியூமர் போர்டு’ என்று பெயர். “எங்க கேஸ் போர்டுல பேசியாச்சா?” என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தனியார், அரசு என்று வித்தியாசமில்லாமல் பெரிய புற்றுநோய் மையங்களில் இது வழக்கம்.

அங்கே முடிவாகும் பாதைகள் பொதுவாக இப்படி இருக்கும்.

கட்டி 2 செ.மீ.க்குள், ஓரத்தில், நெறிக்கட்டி எதுவும் இல்லை என்றால் நேராக ஆபரேஷன். அப்படிப்பட்டவர்களுக்கு மடல் முழுவதையும் எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலே போதும் என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2022, 2023இல் காட்டின. பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

கட்டி 4 செ.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது நெறிக்கட்டிக்குப் போயிருக்கிறது, ஆனால் எடுக்க முடியும், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. இரண்டும் இல்லை. இவர்களுக்கு முதலில் மருந்து. அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு இதுதான் பாதை. கீமோவோடு நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி, மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று தவணை, அப்புறம் ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன். செக்மேட் 816 என்ற ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு, எடுத்துப் பார்த்த சதையில் உயிருள்ள புற்றுச்செல் ஒன்றுகூட இல்லை. கீமோ மட்டும் போட்டவர்களில் அது 2 சதவீதம்தான். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 65 சதவீதம், கீமோ மட்டும் என்றால் 55. பெம்ப்ரோலிசுமேப், டுர்வலுமேப் என்ற மருந்துகளை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் முறைகளும் உண்டு.

ஈ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. மாற்றம் இருந்தால் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், தேவைப்பட்டால் கீமோ, பிறகு மாத்திரை. அம்மாவின் பாதை இதுதான்.

நெறிக்கட்டிகள் அதிகமாகி, எடுக்கவே முடியாது என்றால் கீமோவும் கதிரியக்கமும் சேர்த்துக் கொடுத்து, அப்புறம் மருந்து. ஆபரேஷன் இல்லை என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவும் குணமாக்கும் நோக்கத்தோடு செய்யும் சிகிச்சைதான்.

ஐந்தாவது படி: உடம்பு தாங்குமா?

ஊதிப் பார்க்கும் சோதனை, எக்கோ, இவற்றோடு மாடிப்படி. எங்கள் சர்ஜன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு மாடி ஏறச் சொல்லி, தானும் கூடவே ஏறினார்.

எடுத்த பிறகு எவ்வளவு மூச்சு மிஞ்சும் என்பதை ஓரளவு கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இரண்டு நுரையீரலும் சேர்த்து 19 பகுதிகள். வலது மேல் மடலில் 3. அம்மாவின் ஊதும் திறன் 78 சதவீதம் இருந்தது. அதை 19ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 66. அறுபதுக்கு மேல் என்பதால் தைரியமாகச் செய்யலாம் என்றார். ஒரு காகிதத்தில் அவர் இதை எழுதிக் காட்டியபோதுதான், “நுரையீரலை எடுத்துட்டா எப்படிடீ மூச்சு விடுவேன்?” என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சமாதானமானார்.

புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்த வேண்டும். குறைந்தது நான்கு வாரம் கிடைத்தால் மிகவும் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கசாயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

முன்னாலேயே இம்யூனோதெரபி போட்டவர்கள் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: “தைராய்டும் கார்ட்டிசாலும் பார்த்தாச்சா?” இந்த மருந்து சிலருக்கு ஹார்மோன் சுரப்பிகளை மந்தமாக்கும். கார்ட்டிசால் குறைந்திருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் மேஜையிலேயே விழுந்துவிடலாம்.

ஆறாவது படி: ஆபரேஷனும் அதற்கு அடுத்த நாட்களும்

நெஞ்சைத் திறந்து செய்வதா, துளை போட்டுக் கேமரா வழியாகவா, ரோபோவா? துளை வழியில் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் கட்டி முழுதாக வருவதும் நெறிக்கட்டிகளை முறையாக எடுப்பதும்தான் முக்கியம். ரோபோவுக்காகக் கடன் வாங்காதீர்கள். “வருஷத்துக்கு எத்தனை நுரையீரல் ஆபரேஷன் செய்வீங்க?” என்று சர்ஜனிடம் மரியாதையாகக் கேட்கலாம். முன்னாலேயே மருந்து போட்டவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், துளையில் ஆரம்பித்து நடுவில் திறக்க வேண்டி வரலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

வெளியே வரும்போது விலாவில் ஒரு டியூப் இருக்கும், அது தரையில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போகும். முதல் இரவு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இருமும்போதெல்லாம் குமிழி கிளம்பியது. நுரையீரலின் வெட்டிய ஓரத்திலிருந்து கசியும் காற்று அது. நாளாக ஆகக் குமிழி குறைய வேண்டும். நின்றால்தான் டியூபை எடுப்பார்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். பாத்ரூம் போகும்போது கூட வருகிறவர் அதைக் கட்டிலில் தூக்கி வைத்துவிடக் கூடாது. டியூபை மடித்துப் பிடிக்கவும் கூடாது.

அப்புறம் அந்த மூன்று பந்துக் கருவி. ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிக்கொடுத்துப் பழகச் சொல்வார்கள். அம்மா இரண்டு நாள் அதைப் பலமாக ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவே இல்லை. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். கூழை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல மெதுவாக இழுத்து, பந்தை மேலேயே இரண்டு மூன்று நொடி நிறுத்த வேண்டும். முதல் பந்து 600, இரண்டாவது 900, மூன்றாவது 1200 என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆபரேஷனுக்கு மறுநாள் ஒரு பந்துகூடப் பாதிதான் ஏறியது. “இழுங்கம்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சிஸ்டர் மணிக்கு ஒருமுறை வந்து நின்றார். வீட்டுக்குக் கிளம்பிய அன்று இரண்டாவது பந்து ஏறி நின்றது.

வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். ஒரு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதால் எந்த நன்மையும் இல்லை. மறுநாளே நடக்க வைப்பார்கள், கூடவே நடங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், திடீர் மூச்சிரைப்பு, காலில் ஒரு பக்க வீக்கம், தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்று இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விலாவிலும் மார்பின் கீழும் மரமரப்பு மாதக்கணக்கில் இருக்கலாம். அம்மாவுக்கு இன்னும் ரவிக்கை உரசினால் கூசுகிறது.

ஏழாவது படி: எடுத்த சதையின் ரிப்போர்ட்

ஏறக்குறைய பத்து நாளில் வரும். மூன்று இடத்தைப் பாருங்கள். ‘ஆர்0’ என்றால் வெட்டிய ஓரத்தில் நோய் மிஞ்சவில்லை. நெறிக்கட்டிகளில், மார்பின் நடுவிலிருந்து குறைந்தது மூன்று இடங்களிலாவது எடுத்திருக்க வேண்டும். முன்னாலேயே மருந்து போட்டிருந்தால், எத்தனை சதவீதம் உயிருள்ள செல் மிச்சம் என்று எழுதியிருக்கும். பூஜ்யம் என்றால் அதைவிட நல்ல செய்தி இல்லை.

அம்மாவுக்கு ஒரு நெறிக்கட்டியில் நோய் இருந்தது. அதனால் நான்கு தவணை கீமோ. பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து சேர்ந்திருந்தால், ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் ஆரம்பிக்க வேண்டும். அது தொடங்கவில்லை என்றால் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

எட்டாவது படி: மாத்திரைக் காலம்

ஈ.ஜி.எஃப்.ஆர். உள்ளவர்களுக்கு ஒசிமெர்டினிப் 80 மி.கி., தினம் ஒன்று, மூன்று வருடம். அடாரா ஆய்வில் இதைச் சாப்பிட்டவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 78. ஏ.எல்.கே. உள்ளவர்களுக்கு அலெக்டினிப், காலையில் நான்கு கேப்சூல், இரவில் நான்கு, சாப்பாட்டோடு, இரண்டு வருடம்.

நோயே இல்லையே, மாத்திரை எதற்கு என்ற கேள்வி ஆறாவது மாதம் வரும். அம்மாவும் கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் செல்களுக்காகத்தான் இந்த மாத்திரை.

ஒசிமெர்டினிபில் வயிற்றுப்போக்கு, பருபோலத் தடிப்பு, நகத்தின் ஓரத்தில் புண் வரும். அம்மாவுக்கு நகம்தான் பெரிய தொந்தரவு. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை, தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய், நகத்தை ஒட்ட வெட்டாமல் விடுவது, இவற்றில் அடங்கியது. இதயத் துடிப்புக்கு ஈ.சி.ஜி. அவ்வப்போது எடுக்க வேண்டும். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே டாக்டரை அழையுங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமஸெபைன் ஆகியவை இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். பல் டாக்டர், கண் டாக்டர் என்று யாரிடம் போனாலும் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். இம்யூனோதெரபி போட்டவர்கள் ஊசி முடிந்து மாதங்கள் ஆன பிறகும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கோ, அதிகச் சோர்வோ, சர்க்கரை திடீரென்று ஏறுவதோ அப்போதும் அந்த மருந்தால் இருக்கலாம்.

பணம்

இதைத் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே பேசுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் வேண்டும். பதிவு கலெக்டர் ஆபீஸில். ஆபரேஷன் எந்தப் பேக்கேஜில் வருகிறது, மாத்திரை வருகிறதா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு மேஜையில் தனித்தனியாகக் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் தனியாரைவிடச் செலவு வெகுவாகக் குறையும்.

ஒசிமெர்டினிப், டுர்வலுமேப் இரண்டுக்கும் 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது, அதே ஆண்டு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் மாதச் செலவு கனமானதுதான். கம்பெனிகள் நடத்தும் நோயாளி உதவித் திட்டங்களில் சில மாதம் வாங்கினால் மிச்சம் இலவசமாகத் தருவது உண்டு. அதில் சேர முதல் பெட்டி வாங்குவதற்கு முன்பே டாக்டரின் கடிதம் கேட்பார்கள். நாங்கள் முதல் பெட்டியை மருந்துக் கடையில் வாங்கிவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டோம்.

செக்கப்

முதல் இரண்டு, மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கேன் பதிந்த டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அது போன தடவையும் இருந்ததா என்று பழைய படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அம்மாவின் மூன்றாவது ஸ்கேனில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தது. பழைய படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. பத்து நிமிடத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.